குமரி மாவட்டத்துக்கு வாடகைக்கு வருகிறவர்களுக்கு: வீட்டோடு வாசிப்பையும் குடியேற்ற ஒரு வழிகாட்டி

வேலை மாற்றலாகியோ, கல்லூரியில் இடம் கிடைத்தோ, பிள்ளைகளின் படிப்புக்காகவோ கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வாடகைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் வந்தபோது வீடு, அட்வான்ஸ், கேஸ், கரண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைந்தோம். எதற்கு எந்தக் காகிதம் வேண்டும், எதை முதலில் செய்தால் மற்றது எளிதாகும் என்று சொல்ல ஆள் இல்லை. அந்த அலைச்சலில் புத்தகப் பெட்டிகள் கட்டிலுக்கடியில் போயின. தினமும் படுக்கும் முன் நாலு பக்கமாவது படிக்கும் பழக்கமும் கூடவே போயிற்று.

வீடெல்லாம் ஒழுங்கான பிறகு படித்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அந்த நாள் வராது. அதனால் வாசிப்பையும் குடியேறும் வேலைகளில் ஒன்றாகவே கீழே சேர்த்திருக்கிறேன். கேஸுக்கு எழுதிக்கொடுக்கிற அதே வாரத்தில் நூலக அட்டைக்கும் எழுதிக்கொடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் வேண்டிய காகிதங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மாவட்டம் சிறியது. ஆனால் கொஞ்ச தூரம் போனாலே மழையும் காற்றும் தண்ணீரும் மாறிவிடும். நாகர்கோவிலுக்குள் இருக்க வேண்டும் என்றால் வடசேரி, கோட்டாறு, மீனாட்சிபுரம், வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம், ராமவர்மபுரம் பக்கங்களில் பார்க்கலாம். உள்ளூர் பஸ்ஸுக்கு மீனாட்சிபுரத்தில் அண்ணா பேருந்து நிலையம், வெளியூர் பஸ்ஸுக்கு வடசேரி. அரசு மருத்துவக் கல்லூரியில் வேலையோ படிப்போ என்றால் ஆசாரிப்பள்ளம். திருவனந்தபுரத்துக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறவர்களுக்கு இரணியல், குழித்துறை நிலையங்களுக்குப் பக்கமாக, அதாவது தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் வீடு பிடிப்பது வசதி. ரயிலில் தினமும் போக வர கிடைக்கும் நேரம் படிக்க மிகத் தோதானது. ரயிலா பஸ்ஸா என்ற கேள்வி வந்தால், படிக்கிறவர்கள் ரயிலையே எடுங்கள்.

மேற்கே குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வீடு அழகாக இருக்கும், வாடகையும் டவுனைவிடக் குறைவு. ஆனால் இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை ஈரம் விட்டு விட்டு நீளும், மலையடிவாரத்தில் இன்னும் அதிகம். துணியும் காயாது, புத்தகமும் நமத்துப்போகும். கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் நேர் எதிர்: ஆடிக்காற்று கணவாய் வழியாக வந்து ஜன்னலைத் திறக்கவிடாது, வீட்டுக்குள் தூசி வந்துகொண்டே இருக்கும். கடலோரத்தில் உப்புக்காற்று இரும்பு பீரோவையும் ரேக்கையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். எந்தப் பக்கமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்குத் தயாராக வேண்டும் என்று தெரிந்து போங்கள்.

இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பால் கடை, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று பார்க்கிறோம் அல்லவா? கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ நடந்து போகிற தூரத்தில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பஸ் பிடித்துப் போகும்படி இருந்தால் இரண்டு மாதத்தில் போவது நின்றுவிடும்.

2. எப்போது தேடுவது, யாரிடம் கேட்பது

மே, ஜூன் மாதங்களில் பள்ளி, கல்லூரி திறப்பால் வீட்டுக்குப் போட்டி அதிகம், வாடகையும் ஏறும். ஆடியிலும் மார்கழியிலும் குடிமாற மாட்டோம் என்கிற குடும்பங்கள் நிறைய. உங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லையென்றால் அந்த மாதங்களில் பாருங்கள், வீட்டுக்காரர் பேச்சுக்கு இறங்கி வருவார். ஆடியில் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலம் அது. எந்தச் சுவர் ஒழுகுகிறது என்பது கண்முன்னே தெரியும். கோடையில் புதுப் பெயின்ட்டோடு காட்டுகிற வீட்டில் இது தெரியவே தெரியாது.

புரோக்கர் மூலம் போனால் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பது வழக்கம். சாவி கைக்கு வந்த பிறகுதான் கொடுப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'வீடு காட்டுவதற்கு' என்று முன்பணம் கேட்டால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். புரோக்கர் வேண்டாம் என்றால் சாயங்காலம் அந்தத் தெருவில் நடந்து, பலசரக்குக் கடையில், 'அண்ணாச்சி, பக்கத்துல வாடகைக்கு வீடு ஏதாவது காலியா இருக்கா?' என்று கேளுங்கள். இந்த ஊரில் நல்ல வீடுகள் பல போர்டு போடாமலே கைமாறுகின்றன. வீட்டுக்காரர் வெளிநாட்டிலோ கேரளத்திலோ இருந்து, சாவி மட்டும் சொந்தக்காரரிடம் இருக்கும் வீடுகளும் நிறைய. அப்படிப்பட்ட வீட்டுக்கு வீட்டுக்காரரிடமே போனில் பேசாமல் பணம் கொடுக்கக் கூடாது.

3. வீட்டைப் பார்க்கும்போது

ஒரே வீட்டைப் பகலில் ஒரு தரம், இருட்டிய பிறகு ஒரு தரம் பாருங்கள். கீழே சொல்வதைக் கூச்சப்படாமல் செய்யுங்கள்.

மேற்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். தென்மேற்கு மழை நேராக அடிக்கும் சுவர்கள் இவை. பெயின்ட் உப்பியிருந்தாலோ, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கறை ஏறியிருந்தாலோ அந்தச் சுவரில் இருக்கும் அலமாரியில் துணியோ புத்தகமோ வைக்க முடியாது. அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை பொய் சொல்லாது. வாசல் நிலையிலும் கதவின் அடியிலும் கரையான் மண் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பல வீடுகளில் கிணறுதான் தண்ணீருக்கு. 'கோடையில் வற்றுமா?' என்பதை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து அரைமணி நேரம் வைத்தால் மஞ்சள் படிகிறதா என்று தெரியும். கடலோர ஊர் என்றால் வாயில் வைத்தும் பாருங்கள்.

அப்புறம் வெளிச்சம். எந்த அறையில், எந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து படிப்பீர்கள் என்று வீடு பார்க்கும்போதே மனதில் குறித்துவிடுங்கள். அங்கே நாற்காலி போட இடம் உண்டா, பக்கத்தில் ப்ளக் பாயின்ட் உண்டா, மின்விசிறிக் காற்று வருகிறதா? இருட்டிய பிறகு போகச் சொன்னதற்கு ஒரு காரணம் இது: பக்கத்தில் மண்டபமோ ஒலிபெருக்கிக் குழாயோ இருந்தால் அப்போதுதான் தெரியும். விருந்தினருக்கு என்று ஹாலில் நல்ல இடத்தை ஒதுக்கிவிட்டு, தினமும் இருக்கப்போகிற நமக்கு மூலையை வைத்துக்கொள்வது சரியில்லை.

4. அட்வான்ஸ், ஒப்பந்தம், ஒத்தி

அதிகம் பணம் போகிற இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையவழி பதிவும் செய்ய வேண்டும். வேறு விதமாக இருவரும் ஒத்துக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. 8,000 ரூபாய் வாடகை என்றால் 24,000. நடைமுறையில் அதற்கு மேல் கேட்கிறவர்கள் உண்டு. கேட்டால் சட்டத்தைச் சொல்லிப் பேசுங்கள். சண்டையாக வேண்டியதில்லை, 'மூணு மாசம்தானே வழக்கம் அண்ணாச்சி' என்று ஆரம்பித்தாலே பலர் குறைக்கிறார்கள். வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தால் ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்.

பொதுவாக 11 மாதத்துக்கு ஒப்பந்தம் போடுவார்கள். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் இந்த வழக்கம். ஆனால் 11 மாதம் என்பதால் வாடகை அதிகாரியிடம் செய்ய வேண்டிய பதிவு இல்லாமல் போகாது. இரண்டும் வேறு வேறு. பதிவானால் ஒரு எண் கிடைக்கும். பின்னால் தகராறு வந்தால் அந்த எண்ணோடு போகிறவர் பேச்சுக்குத்தான் எடை.

கையில் வைத்திருக்க வேண்டியவை: இருவரின் ஆதார் நகல், புகைப்படம், வீட்டு வரி ரசீது நகல், மின் இணைப்பு எண், இரண்டு சாட்சிகள். உங்கள் ஆதார் நகலைக் கொடுக்கும்போது அதன் மேலேயே 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதி, குறுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வீட்டு வரி ரசீதை அவசியம் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தம் போடுகிறவர்தான் வீட்டுக்கு உரியவரா என்பதை அது காட்டும், வேறு பல இடங்களிலும் முகவரிக்குத் துணையாக நிற்கும். சம்பளத்தில் வீட்டு வாடகைப் படிக்குப் பழைய வரிமுறையில் விலக்குக் கேட்கிறவர்கள் வருட வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் தர வேண்டியிருக்கும். அதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம் கேட்டால் முகம் மாறும்.

ஒப்பந்தத்தில் வாடகை, அட்வான்ஸ், தேதி மட்டும் எழுதி முடித்துவிடுவார்கள். இவற்றையும் எழுதச் சொல்லுங்கள்:

எத்தனை மாத முன்னறிவிப்பு, வாடகை எப்போது எவ்வளவு ஏறும். கரண்ட் கட்டணம் யார் கட்டுவது, எந்தக் கணக்கில். மோட்டார் பழுதானால் யார் செலவு. முற்றத்துத் தென்னையிலிருந்து விழும் தேங்காய் யாருக்கு. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், மனஸ்தாபம் இங்கேதான் ஆரம்பிக்கும். சுவரில் ஆணி அடிக்கலாமா, புத்தகத் தட்டு மாட்டலாமா. காலி செய்யும்போது பெயின்ட் செலவு யாருடையது.

இந்தக் கடைசி வரி முக்கியம். எங்களுக்கு முதல் வீட்டில் அட்வான்ஸ் திரும்ப வருவது இழுபறியானது. பெயின்ட் அடிக்க என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் வெள்ளையடிப்பு, வயரிங், குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸையும் வாடகையையும் வங்கி வழியாகவே கொடுங்கள். கையில்தான் வேண்டும் என்றால் ரசீது.

இங்கே 'ஒத்திக்கு' வீடு என்றும் சொல்வார்கள். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது, காலம் முடிந்ததும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. கேட்க லாபமாகத் தெரியும். ஆனால் உங்கள் சேமிப்பு முழுதும் ஒருவர் கையில் போய்விடுகிறது. ஒத்திக்குப் போவதானால் முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. வங்கிக் கடனுக்காகப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, நாளை பாகம் கேட்டு அவர் அண்ணன் தம்பி வந்து நின்றால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

5. கரண்ட், கேஸ், முகவரி: இந்த வரிசையில்

கரண்ட்: குடிபோகும் நாளில் மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். இணைப்பு எண்ணை வைத்துப் பழைய பாக்கி இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் கவனம்: மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் குறைந்த கட்டண அடுக்குகள் கிடைக்காது, இருவருக்கும் செலவு ஏறும். சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று தாங்களே ஒரு விலை போடுகிறவர்களிடம் உண்மையான பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

கேஸ்: வேறு ஊரிலிருந்து வருகிறவர்கள் பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, டிரான்ஸ்ஃபர் வவுச்சரையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். இந்தச் சீட்டு இல்லாமல் வந்தால் திரும்ப அந்த ஊருக்கே போகும்படி ஆகும். பழைய ஊரில் நீங்கள் கட்டியிருந்த டெபாசிட்தான் திரும்ப வரும். இங்கே இன்றைய விலையில் கட்ட வேண்டும். பழைய இணைப்பு என்றால் இந்த வித்தியாசத்துக்குப் பணம் எடுத்து வையுங்கள். இடைப்பட்ட நாட்களுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் அல்லது மின் அடுப்பு.

ரேஷன்: அவசரம் இல்லை. மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் விரல் ரேகை வைத்து வாங்கலாம். முகவரி மாற்றத்தைப் பிறகு இணையத்தில் போடலாம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. ஆதார் முகவரியை மாற்றுவதா வேண்டாமா என்பது நீங்கள் எத்தனை வருடம் இருக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஒப்பந்தம், வீட்டு வரி ரசீது, ஆதார் மூன்றையும் ஐந்தாறு நகல் எடுத்து ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கும் இந்தக் கோப்புதான்.

6. புத்தகப் பெட்டிகள்

பெரிய அட்டைப்பெட்டியில் புத்தகம் அடுக்காதீர்கள். அடி பிய்ந்துவிடும், தூக்குகிறவர் இடுப்பும் போகும். மெடிக்கல் கடையில் கிடைக்கும் சின்னப் பெட்டிகள் போதும். குட்டியானை வண்டிக்கு வாடகை வேறு, ஏற்றி இறக்கும் கூலி வேறு. மாடி வீடு என்றால் அதையும் சொல்லி முன்பே பேசிவிடுங்கள். முதல் இரவே பிரிக்க ஒரு பெட்டி, அதில் உங்களுக்கு மிகவும் பிடித்த பத்துப் புத்தகம். சமையல் சாமானோடு அந்தப் பெட்டியையும் கடைசியில் ஏற்றினால் முதலில் இறங்கும்.

7. நூலக அட்டை

வீட்டு வரி ரசீது கையில் இருக்கிறதல்லவா? சொத்து வரியோடு நூலக வரி என்று பத்து சதவீதம் சேர்ந்தே வசூலாகிறது. நீங்கள் கொடுக்கும் வாடகையிலிருந்துதான் வீட்டுக்காரர் அதைக் கட்டுகிறார். பொது நூலகம் உங்கள் பணத்தில்தான் நடக்கிறது. தயங்காமல் உள்ளே போங்கள்.

நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. மற்ற ஊர்களில் கிளை நூலகங்கள், சிறிய ஊர்களில் ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள். உறுப்பினராக விண்ணப்பப் படிவம், புகைப்படம், முகவரிச் சான்று வேண்டும். திரும்பக் கிடைக்கும் காப்புத்தொகை ஒன்று, ஆண்டுச் சந்தா ஒன்று. இரண்டும் சேர்ந்தாலும் கடையில் ஒரு நாவல் வாங்கும் விலை வராது. எத்தனை புத்தகம் எடுக்கலாம் என்பது காப்புத்தொகையைப் பொறுத்தது. கூடுதலாகக் கட்டி அதிகப் புத்தகம் எடுக்கும் அட்டையையே வாங்குங்கள்; ஒன்று பிடிக்காவிட்டால் கையில் இன்னொன்று இருக்கும். 1,000 ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேர்ந்து நூலகத்துக்கு உதவும் வழியும் உண்டு.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று.

ஆதாரில் பழைய ஊர் முகவரி இருக்கும். எங்களை ஒரு நூலகத்தில் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வாடகை ஒப்பந்த நகலோடு மறுபடி போனபோது சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் முதல் தடவையே கோப்போடு போய்விடுங்கள்.

இரண்டாவது, நேரம். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு இல்லை. இரண்டாம் சனிக்கிழமையும் திறந்திராது. பலவும் காலையும் மாலையும் திறந்து நடுப்பகலில் மூடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைதான் தோது.

மூன்றாவது, உள்ளே போனதும் வரும் தயக்கம். படிக்கும் கூடத்தில் இடமில்லாமல் இளைஞர்கள் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்த அமைதியைப் பார்த்துவிட்டு, கதைப் புத்தகம் தேடி வந்த நமக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றும். நேராக உள்ளே நூல் இரவல் பகுதிக்குப் போங்கள். அங்கே பெரும்பாலும் கூட்டம் இருக்காது. நூலகரிடம், 'இந்த மாவட்டத்துக்காரங்க எழுதின நாவல், சிறுகதை எந்த அடுக்குல இருக்கு சார்?' என்று கேளுங்கள். அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். நவீனத் தமிழில் இந்தச் சின்ன மாவட்டம் தந்த எழுத்தாளர்கள் மிக அதிகம். நாஞ்சில் நாட்டு வயல்வெளி, விளவங்கோட்டுப் பனங்காடு, கடலோரத்து மீனவர் தெரு, தேங்காய்ப்பட்டணம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள், சர்ச் வளாகத்து வாழ்க்கை எல்லாம் அந்த அடுக்கில் இருக்கின்றன. புதிதாக வந்தவருக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா வேகமாகப் பேசும்போது புரியாமல் விழித்த பேச்சு, அந்தக் கதைகளை வாய்விட்டு வாசித்தால் மெல்லப் பிடிபடும்.

நூலகம் தவிர, பல ஊர்களில் இளைஞர் மன்றங்களும் கோயில், சர்ச் சார்ந்த அமைப்புகளும் நடத்தும் படிப்பகங்கள் உண்டு. பேப்பர், வார இதழ்கள் போட்டிருப்பார்கள், யாரும் போய் உட்காரலாம். சாயங்காலம் அங்கே போவது அக்கம்பக்கத்தாரோடு பழகவும் நல்ல வழி. வாங்கிப் படிக்கிறவர்களுக்கு: காலச்சுவடு பதிப்பகம் நாகர்கோவிலில்தான் இயங்குகிறது. மாவட்ட நிர்வாகம் நடத்தும் புத்தகத் திருவிழா அறிவிப்பு வந்தால் தவறவிடாதீர்கள், தள்ளுபடி உண்டு. பணமே செலவழிக்காமல் போனில் படிக்க மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் மூன்றும் இருக்கின்றன.

8. ஈரத்திலிருந்து புத்தகத்தைக் காப்பது

ரேக்கைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள், காற்று போக வேண்டும். வெளிச்சுவரைவிட இரண்டு அறைக்கு நடுவிலுள்ள சுவர் நல்லது. கீழ்த்தட்டு தரையிலிருந்து அரையடியாவது உயரத்தில் இருக்கட்டும். புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். கடலோரத்தில் மர ரேக், கரையான் தொல்லை உள்ள இடத்தில் இரும்பு ரேக். மூடிய பீரோவில் வைத்தால் மழைக்காலத்தில் வாரம் ஒரு நாள் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் பூச்சிக்கு ஆகும், ஈரத்துக்கு ஆகாது.

பூஞ்சை வந்துவிட்டால் முகக்கவசம் போட்டு, வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விரித்து வையுங்கள். உச்சி வெயிலில் போட்டால் தாள் மஞ்சளாகி ஒடியும். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது.

9. மறுபடி வாசிக்கத் தொடங்குவது

வீடு ஒழுங்காகிவிட்டது, அட்டையும் வந்துவிட்டது. ஆனாலும் கை போனுக்குத்தான் போகும். பல வருடமாகப் படிக்காதவர்கள் தங்களுக்குக் கவனமே போய்விட்டது என்று நினைத்து மனம் தளர்கிறார்கள். போகவில்லை, பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது. திரும்ப வரும்.

பெரிய நாவலில் தொடங்காதீர்கள். 'கட்டாயம் படிக்க வேண்டிய' பட்டியலையும் ஓரமாக வையுங்கள். சிறுகதைத் தொகுப்பை எடுங்கள், ஒரே அமர்வில் ஒரு கதை முடியும். சின்ன வயதில் ஆசையாகப் படித்ததையே மறுபடி எடுத்தாலும் சரி. துப்பறியும் கதையோ சிறுவர் புத்தகமோ, எதற்கும் வெட்கப்பட வேண்டாம். நாற்பது ஐம்பது பக்கத்துக்குள் மனம் ஒட்டவில்லை என்றால் மூடி, நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காசு போட்டு வாங்கிய புத்தகம் என்றால்தான் முடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வரும். இரவல் புத்தகத்தில் அந்தச் சுமை இல்லை, தொடங்குகிறவர்களுக்கு நூலகமே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

நேரத்தைப் பெரிதாக வைக்காதீர்கள். இருபது நிமிடம் போதும், ஆனால் அதே நாற்காலி, அதே நேரம். வீடு பார்க்கும்போது மனதில் குறித்த அந்த ஜன்னலோரம் இருக்கிறதே, அங்கே டிவி கேபிளோ வைஃபையோ வருவதற்கு முன்பே நாற்காலியையும் ஒரு மேஜை விளக்கையும் போட்டுவிடுங்கள். போனை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள். மழைக்காலத்தில் இங்கே சாயங்காலம் கரண்ட் போவது உண்டு. சார்ஜ் செய்து வைக்கும் ஒரு விளக்கு இருந்தால் அந்த நேரம் அப்படியே படிக்கும் நேரமாகிவிடும். எங்கள் வீட்டில் மறுபடி படிக்கத் தொடங்கியது இப்படிப்பட்ட ஒரு மழைக்காலத்தில்தான். பெரியவர்கள் கையில் புத்தகத்தைப் பார்த்தால் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். வாய்விட்டுப் படியுங்கள். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள், கண் மங்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படித்ததை யாருக்கும் ஒப்பிக்க வேண்டாம், மதிப்புரை எழுத வேண்டாம், வருடத்துக்கு இத்தனை என்று எண்ணவும் வேண்டாம். இரவல் தவணை பொதுவாக இரண்டு வாரம். அந்தத் தவணையே உங்களை மறுபடி நூலகத்துக்குக் கூட்டிப்போகும்.

10. காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் எழுதிய முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து, வீட்டுக்காரரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கடைசி மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்துக் கணக்கு முடியுங்கள். முதல் நாள் எடுத்த வீடியோவை வைத்துக்கொண்டு அறை அறையாக இருவரும் நடந்து பாருங்கள். அட்வான்ஸ் வரும் தேதியை அங்கேயே எழுதி வாங்குங்கள்.

நூலகத்துக்கும் போக வேண்டும். வீட்டைப் பெட்டி கட்டத் தொடங்கும் முன்பே இரவல் புத்தகங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் புத்தகங்களோடு கலந்து பெட்டிக்குள் போய்விட்டால் அடுத்த ஊரில் போய்த்தான் கிடைக்கும். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, அட்டையையும் காப்புத்தொகை கட்டிய ரசீதையும் காட்டினால் தொகையைத் திரும்பப் பெறலாம். அன்றே கைக்கு வராது, அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எழுதிக்கொடுங்கள்.